தலையில்லாத வேஷம்

வைத்திலிங்கம் அந்த வாரத்தில் எத்தனையாவது தடவையாகவோ பேயைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிர் குவார்ட்டர்ஸ் வாசலில் சைக்கிளுக்குக் காற்றடிக்கிற சாக்கில் அதைக் கேட்டுக்கொண்டிருந்த சடையப்பனுக்கு வயிறு எரிந்தது.

"மணல்மேட்டுல ஏறித் திரும்புறோம்," வைத்திலிங்கம் குரலைத் தாழ்த்தினார். அவர் வீட்டு வாசலில் பாதி பிளாக்கே கூடியிருந்தது. "நல்ல உச்சிப் பொழுது. காத்து அப்படியே நின்னுபோச்சு. ஒரு காக்கா கத்தல. பாத்தா, சவுக்கு மரத்துக்கு நடுவுல ஒரு உருவம். பட்டாளத்து உடுப்பு. இடுப்புல கத்தி. பித்தளப் பொத்தானெல்லாம் வெயில்ல மின்னுது. கழுத்து வரைக்கும் ஆளு சரியாத்தான் இருக்கான். கழுத்துக்கு மேல ஒண்ணும் இல்ல."

"அப்ப தலை?"

கேட்டது காந்திமதி. சடையப்பனின் சொந்த மனைவி. இந்தக் கதையை அவள் முன்பே பலமுறை கேட்டிருந்தாள். தலை எங்கே இருக்கிறது என்பது அவளுக்கு நன்றாகவே தெரியும்.

"கக்கத்துல," என்றார் வைத்திலிங்கம். "தலையக் கக்கத்துல இடுக்கிக்கினு நொண்டி நொண்டி வர்றான்."

ஒரு குழந்தை வீறிட்டது. காந்திமதி ஒரு தட்டை வைத்திலிங்கத்தின் பக்கம் நகர்த்தினாள். தட்டில் இருந்தது சடையப்பன் வீட்டு முறுக்கு. காலையில் அவர் கேட்டபோது, "யாராச்சும் வந்தா குடுக்க வேணும்" என்று டப்பாவை மூடிவைத்த அதே முறுக்கு.

சடையப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு பம்பை அழுத்தினார். டயர் எப்போதோ கல்லாகிவிட்டது. அவர் கவனிக்கவில்லை. இன்னும் நாலு அழுத்து அழுத்தினார். டியூப் டமார் என்று வெடித்தது.

எதிர்வீட்டு வாசலே அலறியது. வைத்திலிங்கம் மட்டும் நிதானமாக ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தார்.

"பாத்தீங்களா? அன்னிக்கும் இதே சத்தந்தான். எங்கியோ தூரத்துல பீரங்கி வெடிச்சாப்புல. சொல்ல மறந்துட்டேன்."

அன்றிலிருந்து கதையில் பீரங்கியும் சேர்ந்துகொண்டது. அதைச் சேர்த்துக் கொடுத்தவர் சடையப்பன்தான், சொந்த டியூபைப் பலி கொடுத்து.

நியாயமாகப் பார்த்தால் இந்தப் பேயில் சடையப்பனுக்கும் ஒரு பங்கு உண்டு. அன்று போனது மூன்று பேர். வைத்திலிங்கம் டைம் ஆபீசில் கிளார்க். தாஜுதீன் பவர் ஹவுசில் எலக்ட்ரீஷியன். சடையப்பனுக்குச் சுரங்கத்தில் பெல்ட் வேலை, அதாவது வெட்டிய கரியை மேலே கொண்டுவரும் நீளமான பெல்ட்டுக்குப் பக்கத்தில் நின்று நாளெல்லாம் தூசி தின்கிற வேலை. தாஜுதீனுக்குச் சொந்த ஊர் பரங்கிப்பேட்டை. அந்தப் பக்கம் மணல்மேடுகளில் ஐதர் அலியின் பட்டாளமும் வெள்ளைக்காரப் பட்டாளமும் மோதிக்கொண்ட இடம் இருக்கிறது, உழுதால் இப்போதும் குண்டு கிடைக்கிறது என்று அவர் சொல்லிக்கொண்டே இருப்பார். ஆவணியில் மூன்று பேருக்கும் ஒன்றாக லீவு அமைந்தது. குள்ளஞ்சாவடி வழியாகக் கடலூருக்கு பஸ், அங்கிருந்து ரயில், பிறகு நடை.

பாதி வழியில் சடையப்பனின் செருப்பு வார் அறுந்தது.

"நீ சரி பண்ணிக்கினு மெதுவா வாய்யா. நாங்க முன்னால போறோம்," என்று சொல்லிவிட்டு இருவரும் போய்விட்டார்கள். மனுஷனுக்கு ராசி இல்லாவிட்டால் செருப்புகூடச் சதி செய்யும். வாரை முடிந்து பார்த்தார், நிற்கவில்லை. வெயிலில் மணல் கடலை வறுக்கிற சட்டியாக இருந்தது. தலை குனிந்தபடி, தன் கால்களை மட்டும் பார்த்துக்கொண்டு, கூப்பிட்டுக் கூப்பிட்டு நடந்தார். மேட்டில் ஏறி நிமிர்ந்தபோது ஒருவரையும் காணோம். தோப்பைச் சுற்றித் தேடிவிட்டு, வாய் நிறையத் திட்டிக்கொண்டே தாஜுதீன் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

அங்கே இரண்டு பேரும் சுவரோரம் சுருண்டு கிடந்தார்கள். தாஜுதீனின் தாயார் கமர் நிஷா ஓதிய தண்ணீரை மகன் முகத்திலும், எதற்கும் இருக்கட்டும் என்று வைத்திலிங்கத்தின் முகத்திலும் தெளித்துக்கொண்டிருந்தார்.

"என்னய்யா, வுட்டுட்டு ஓடியாந்துட்டீங்க?"

"நீ உசுரோட வந்தியே, அதுவே பெருசு," என்றார் வைத்திலிங்கம். அவருக்குப் பல் தந்தியடித்தது.

அப்போது சடையப்பனுக்குச் சிரிப்புதான் வந்தது. நெய்வேலிக்குத் திரும்பிய பிறகுதான் விஷயத்தின் கனம் புரிந்தது. கேன்டீனில் வைத்திலிங்கத்துக்கு டீ தானாக வந்தது. என்ஜினீயர் ஒருவர் ஜீப்பை நிறுத்தி, "அந்தப் பேய் ஆள் நீதானா?" என்று விசாரித்தார். வைத்திலிங்கத்தின் மனைவி செல்லக்கிளி ரேஷன் கடைக்குப் போனால் வரிசையே ஒதுங்கி வழிவிட்டது. தாஜுதீனுக்குக்கூடப் பேயின் அருளால் கொஞ்சம் மரியாதை கூடியிருந்தது.

சடையப்பனுக்குப் பேய்மீதுதான் முதல் கோபம். கிளார்க்குக்குக் காட்சி கொடுத்தது, எலக்ட்ரீஷியனுக்குக் காட்சி கொடுத்தது, பெல்ட்காரன் என்றால் மட்டும் இளக்காரமா?

"அவரு பேயப் பாத்துட்டு வந்தாரு," என்று காந்திமதி ஒருநாள் சோறு போடும்போது சொன்னாள். "நீங்க பனம்பழம் வாங்கிக்கினு வந்தீங்க."

"அதச் சுட்டு நல்லாத்தானே தின்ன?"

"தின்னேன். இல்லேன்னு சொல்லல. ஆனா அத ஊருல சொல்லிக்க முடியுமா?"

பெரிய வார்த்தை எதையும் அவள் சொல்லிவிடவில்லை. ஆனாலும் சடையப்பனுக்கு அன்று சோறு இறங்கவில்லை. போன இரண்டு வருஷமும் ஆயுத பூசை நாடகத்தில் அவர்தான் ராஜா. ஜரிகைத் தலைப்பாகையும் ஒட்டு மீசையுமாக அவர் மேடையில் வந்து நிற்கும்போது காந்திமதி முதல் வரிசையில், நல்ல புடவை கட்டிக்கொண்டு, இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "எங்க வூட்டுக்காரரு" என்று பக்கத்தில் சொல்வது உதட்டசைவில் தெரியும். அந்த ஒரு பார்வைக்காகத்தான் அவர் வருஷம் பூராவும் வசனத்தை பெல்ட் ஓரத்தில் கத்திக் கத்திப் பழகினார். இப்போது அந்தப் பார்வை எதிர்வீட்டு முறுக்குத் தட்டோடு போய்விட்டது.

இதை விடக்கூடாது என்று முடிவு செய்தார்.

மறுநாள் கேன்டீனில், வைத்திலிங்கத்தைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்த நேரமாகப் பார்த்து, தொண்டையைச் செருமினார்.

"உண்மையச் சொல்லப்போனா, நானும் பார்த்தேன்."

எல்லோரும் திரும்பினார்கள்.

"இத்தினி நாளா சொல்லவே இல்லியே?" என்றார் வைத்திலிங்கம்.

"வூட்டுல பயப்படுவாங்கன்னுதான் வுட்டுட்டேன்."

"அப்படியா. தலை எந்தப் பக்கத்துக் கக்கத்துல இருந்துச்சு?"

சடையப்பன் டீயை ஒரு வாய் உறிஞ்சி யோசித்தார். "வலது."

"இடது," என்றார் தாஜுதீன் மெதுவாக.

"போவட்டும். நடை எப்படி?" வைத்திலிங்கம் விடவில்லை.

"பட்டாளத்தான் நடைதான். நெஞ்ச நிமித்திக்கினு விறைப்பா நடந்துச்சு."

கேன்டீன் கூரை பறக்கிற மாதிரி ஒரு சிரிப்பு எழுந்தது. நொண்டுகிற பேய் என்பது பிளாக்கில் பால்குடி மறக்காத பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

"வுடுங்கப்பா. அவரு தூரத்துலேர்ந்து பாத்திருப்பாரு," என்று தாஜுதீன் பரிந்து பேசினார். சிரிப்பைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். இந்தப் பரிவைத்தான் சடையப்பனால் தாங்க முடியவில்லை. சாயங்காலத்துக்குள் 'விறைப்பு சடையப்பன்' என்ற பெயர் சுரங்கத்தின் அடிமட்டம் வரைக்கும் இறங்கிவிட்டது.

அடுத்ததாக அவர் போனது பன்னீர்செல்வத்திடம். பன்னீர்செல்வம் டிராயிங் ஆபீசில் படம் வரைபவர். ஆயுத பூசை நாடகத்துக்கு எழுத்து, டைரக்ஷன், திரை ஓவியம் எல்லாம் அவர்தான்.

"இந்த வருஷமும் ராஜா கதைதானே சார்?"

"ஆமா. உங்களுக்குத்தான் ராஜா. ஏன்?"

அதோடு எழுந்து வந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் பொறாமை பிடித்தவனுக்குத் தன் இலையில் என்ன இருக்கிறது என்பது கண்ணில் படாது.

"ஒண்ணுமில்ல சார். வைத்திலிங்கம் பேய் பேய்னு ஊரக் கெடுத்துக்கினு இருக்காரு. படிச்சவங்க நீங்க. கூப்பிட்டு ஒரு தடவ நல்லா விசாரிச்சு, பொய்யின்னு நாலு பேருக்கு முன்னால சொல்லிட்டீங்கன்னா நல்லாருக்கும்."

பன்னீர்செல்வம் விசாரித்தார். வைத்திலிங்கத்தைத் தனியாகவும் தாஜுதீனைத் தனியாகவும் கூப்பிட்டு விசாரித்தார். தாஜுதீன் பொய் பேசாதவர் என்பது டவுன்ஷிப் முழுக்கத் தெரியும். அவர் சொன்னதைக் கேட்டதும் பன்னீர்செல்வத்துக்கு மயிர்க்கூச்செறிந்தது. அன்றைக்கே ராஜா கதையைத் தூக்கிப் போட்டுவிட்டு சடையப்பனைத் தேடிக்கொண்டு சைக்கிளில் வந்தார்.

"சடையப்பன், உங்களுக்குத்தான் நன்றி சொல்லணும். நீங்க சொல்லலேன்னா நான் அவங்களக் கூப்பிட்டே இருக்க மாட்டேன். 'தலையில்லாத சிப்பாய்'. உண்மைச் சம்பவம்னு போர்டுல போடப்போறோம். வைத்திலிங்கம் வேஷத்துல வைத்திலிங்கமே நடிக்கிறாரு. தாஜுதீனா தாஜுதீன்."

"அன்னிக்கு மூணு பேரு போனோமே சார்."

"மூணாவது ஆளுக்குக் கதையில வேலை இல்லீங்க. எடுத்துட்டேன்."

"அப்ப நான்?"

"நீங்க இல்லாம நாடகமா? சிப்பாய் நீங்கதான்."

"தலை இல்லாத சிப்பாயா?"

"அதுதானே மெயின் ரோல்," என்றார் பன்னீர்செல்வம் பெருந்தன்மையோடு.

ராஜாவாக இருந்தவருக்குத் தலையே போய்விட்டது. வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது காந்திமதி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"மொகம் தெரியாதா?"

"தெரியாது."

"வசனம்?"

"தலை இல்லாதவன் எப்படிப் பேசுவான்?"

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். "அப்ப நான் எந்த வரிசையில உக்காந்தா என்னா."

இதற்கு அவள் பத்து திட்டு திட்டியிருக்கலாம். சடையப்பன் வெளியே வந்து, டியூப் வெடித்த சைக்கிளைத் தள்ளிக்கொண்டே பன்னீர்செல்வத்தின் வீட்டுக்குப் போனார்.

"எனக்கு இந்த வேஷம் வேணாம் சார்."

"அப்படியா? சரி, கண்ணையனுக்குக் குடுத்துடறேன்."

கண்ணையன் திரை இழுப்பவர். எத்தனையோ வருஷமாக ஒரு வேஷம், ஒரே ஒரு வேஷம் என்று எல்லோர் காலையும் சுற்றிக்கொண்டிருப்பவர். அங்கேயே வாசல் திண்டில் உட்கார்ந்து திரைக்கயிற்றைப் பின்னிக்கொண்டிருந்தவர் இதைக் கேட்டதும் முகமெல்லாம் பல்லாக எழுந்து நின்றார். அந்தச் சந்தோஷத்தைப் பார்த்ததும் சடையப்பனுக்கு அடிவயிற்றில் மறுபடியும் பற்றிக்கொண்டது. தனக்கு வேண்டாத சோறுதான், ஆனாலும் இன்னொருத்தன் அதை இப்படியா ரசித்துச் சாப்பிடுவது?

"இல்ல சார்," என்றார். "நானே பண்றேன்."

கண்ணையன் மறுபடியும் கயிற்றோடு உட்கார்ந்தார்.

ஒத்திகையில் முதல் சிக்கல், தலையை எப்படி மறைப்பது என்பது. அட்டையில் தோள் செய்து தலைக்கு மேல் வைத்தார்கள். நாலு அடி நடப்பதற்குள் மடிந்து தொங்கியது. தலையணை உறையைக் கவிழ்த்துப் பார்த்தார்கள். பேய் மாதிரியும் இல்லை, மனுஷன் மாதிரியும் இல்லை. வைத்திலிங்கம் நாற்காலியில் சாய்ந்து உச்சுக்கொட்டிக்கொண்டே இருந்தார்.

"நான் பாத்தது இப்படி இல்லீங்க. நீங்க யாரும் பாக்கல. உங்களச் சொல்லிக் குத்தமில்ல."

அந்தக் கடைசி வார்த்தை சடையப்பனைப் பார்த்துச் சொன்னது. அவருக்குச் சுருக்கென்று தைத்தது.

"தள்ளுங்க," என்று காக்கிச் சட்டையை எடுத்தார். சுரங்கத்தில் கொடுத்த சட்டை. கல்யாணம் காட்சி எதற்குப் போனாலும் இதைத்தான் மாட்டிக்கொண்டு வருகிறார், எதிர்வீட்டுக்காரர் டெர்லின் சட்டை போடுகிறார் என்று காந்திமதி அடிக்கடி குத்திக்காட்டுகிற சட்டை. அதை மாட்டி, காலரை உச்சந்தலைக்கு மேலே இழுத்துவிட்டு, கழுத்துப் பொத்தானை மண்டைக்கு மேலே போட்டுக்கொண்டார். இரண்டு பொத்தான்களுக்கு நடுவே இருந்த சந்து வழியாகக் கண் மட்டும் வெளியே பார்த்தது.

"கரித்தூசி பறந்தா பெல்ட்டுல நாங்க எல்லாரும் இப்படித்தான் பண்ணுவோம்," என்று சட்டைக்குள்ளிருந்து குரல் வந்தது. "என்னிய விட்டா காத்து அடிச்சாலும் பண்ணுவேன், வெயில் அடிச்சாலும் பண்ணுவேன். பழக்கம்."

எதிரே கழுத்தே இல்லாத ஒரு ஆள் நின்றான். வைத்திலிங்கம் கையிலிருந்த டம்ளரில் டீ தளும்பி வேட்டியில் கொட்டியது. டைம் ஆபீஸ் மின்விசிறிக்கு அடியில் உத்தியோகம் பார்ப்பவர். சுரங்கத்துக்குள் ஒருநாளும் இறங்கியவர் இல்லை.

"என்ன சார்?" என்றார் பன்னீர்செல்வம்.

"அதேதான்," என்றார் வைத்திலிங்கம். பிறகு கொஞ்சம் சுதாரித்துக்கொண்டார். "நான் வர்ணிச்ச வர்ணிப்பு அப்படி. கேட்டுக் கேட்டே மனுஷன் கண்டுபிடிச்சுட்டாரு பாருங்க."

எல்லோரும் வைத்திலிங்கத்தைப் பாராட்டினார்கள். சட்டைக்குள் சடையப்பன் என்ன சொன்னார் என்பது யாருக்கும் கேட்கவில்லை. கேட்காதவரைக்கும் நல்லது.

அதற்குப் பிறகு தினமும் வைத்திலிங்கம் பேய்க்கு நடை கற்றுக்கொடுத்தார். "அப்படி இல்லய்யா. அது ஒரு கால சூடு பட்டாப்புல டக்குன்னு தூக்கும். நீ என்னமோ மாமியார் வூட்டுக்குப் போறாப்புல போறியே." ஒரு மண்சட்டிக்குக் கண்ணும் மீசையும் எழுதி, இடது கக்கத்தில் கொடுத்தார்கள். 'உண்மைச் சம்பவம்' என்று போட்டுவிட்டதால் அந்த ஊர்க்காரர் ஒருவர் மேடையேறி இரண்டு வார்த்தை சொன்னால் எடுப்பாக இருக்கும் என்று பன்னீர்செல்வம் ஆசைப்பட்டார். மணல்மேட்டுக்குப் பக்கத்திலேயே குடியிருக்கும் ஒரு அம்மாளை அழைத்து வருவதாகத் தாஜுதீன் சொன்னார். பஸ்ஸில் கூட்டிப்போய், சோறு போட்டு, டவுன்ஷிப் விளக்கெல்லாம் சுற்றிக்காட்டுவதாகச் சொன்னதும் அந்த அம்மாள் உடனே ஒத்துக்கொண்டாராம்.

சடையப்பனுக்கு இதெல்லாம் காதில் ஏறவில்லை. அவர் மனசுக்குள் வேறொரு திட்டம் ஓடிக்கொண்டிருந்தது. நாடகப்படி, சிப்பாய் தோப்பிலிருந்து வந்து, மேடையைக் கடந்து, மறுபக்கம் மறைந்துவிட வேண்டும். அவர் மறையப்போவதில்லை. நேராக வைத்திலிங்கத்தை நோக்கி நடக்க வேண்டும். வசனம் இல்லாத பேய் வாய் திறந்து பேச வேண்டும். எதிர்பாராத வசனம் வந்தால் வைத்திலிங்கம் முழிப்பார், உளறுவார், பெஞ்சு பெஞ்சாகச் சிரிப்பார்கள். காந்திமதியும் சிரிப்பாள். அது போதும்.

ஆயுத பூசையன்று பொழுது சாயும்போதே கொட்டகை நிரம்பிவிட்டது. மெஷின்களுக்கெல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டு, பொரிகடலையைக் கொறித்துக்கொண்டு குடும்பம் குடும்பமாக வந்து உட்கார்ந்தார்கள். சடையப்பன் திரை ஓரமாக எட்டிப் பார்த்தார். முதல் வரிசையில் செல்லக்கிளி, இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். காந்திமதி எங்கோ நாலாவது வரிசையில், ஒரு தூணுக்குப் பின்னால் இருந்தாள். பழைய புடவை.

நொண்டுவது கடைசிவரை அவருக்குச் சரியாக வரவில்லை. மேடைக்குப் போகிற நேரத்தில் ஒரு யோசனை தோன்ற, ஒரு செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு மற்றதோடு நடந்தார். நடை தானாகக் கோணியது.

மேடையில் வைத்திலிங்கமும் தாஜுதீனும் அட்டை மணல்மேட்டில் நின்றார்கள். "ஒரு காக்கா கத்தலியே," என்றார் வைத்திலிங்கம். கண்ணையன் திரைக்குப் பின்னாலிருந்து தகரத்தைத் தட்டிப் பீரங்கி வெடித்தார். சிப்பாய் வெளியே வந்தான்.

நாலு அடி நடந்த சிப்பாய், மறைய வேண்டிய பக்கம் போகாமல், வைத்திலிங்கத்தின் பக்கம் திரும்பினான். ஒரு காலைச் சூடு பட்டாற்போல டக்கென்று தூக்கித் தூக்கி வைத்தான். வைத்திலிங்கத்தின் வாயில் வரவேண்டிய வசனம் வரவில்லை.

சடையப்பனுக்குச் சட்டைக்குள் நெஞ்சு குளிர்ந்தது. உளறட்டும், இன்னும் உளறட்டும் என்று நெருங்கினார். என்ன பேசுவது என்று அவர் யோசித்து வைத்திருக்கவில்லை. வாய்க்கு வந்தது வந்தது.

"இருங்கய்யா," என்றார். சட்டைத் துணிக்குள் புரண்டு அது ஒரு மாதிரியாக வெளியே வந்தது. "இருங்கய்யா, நானும் வர்றேன்."

வைத்திலிங்கம் ஒரு அலறல் அலறினார். அப்படி ஒரு அலறலை சுரங்கத்துச் சங்கும் போட்டதில்லை. அட்டை மணல்மேட்டைக் கிழித்துக்கொண்டு பாய்ந்து, மேடையிலிருந்து குதித்து, முதல் வரிசையில் இருந்த செல்லக்கிளியின் மடியில் தலையைப் புதைத்துக்கொண்டு கிடுகிடுவென்று நடுங்கினார். தாஜுதீன் நாடகத்துக்கு வைத்த புதருக்குள் புகுந்து ஓத ஆரம்பித்துவிட்டார்.

கொட்டகை அதிர்ந்தது. கைதட்டல், விசில், பொரிகடலை மழை. இப்படி ஒரு நடிப்பை நெய்வேலி பார்த்ததில்லை என்றார்கள். பரிசு கொடுக்க வந்திருந்த அதிகாரி நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். சிறந்த நடிகருக்கான வெள்ளிக் கோப்பையை, நாலு பேர் தூக்கி நிறுத்திய வைத்திலிங்கத்தின் கையில் கொடுத்து, "உடம்பெல்லாம் உண்மையிலேயே நடுங்குதேய்யா. இதில்ல நடிப்பு," என்றார். வைத்திலிங்கத்துக்கு உயிர் அப்போதுதான் திரும்பிவந்தது. வந்ததும் கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

சடையப்பன் மேடை ஓரத்தில் சட்டையைத் தலைக்கு மேலே போட்டபடியே, சட்டியைக் கக்கத்தில் வைத்தபடியே நின்றார். கழற்றத் தோன்றவில்லை. முகம் வெளியே தெரியாததே அப்போது ஒரு சௌகரியம். பொத்தான் சந்து வழியாகப் பார்த்தார். நாலாவது வரிசைத் தூணுக்குப் பின்னால் காந்திமதியும் கைதட்டிக்கொண்டிருந்தாள், வைத்திலிங்கத்துக்காக. அவருக்குக் கண் கலங்கியது. தொட்டதெல்லாம் அந்த மனுஷனுக்கே போய்ச் சேருகிறதே.

"இப்ப," என்று பன்னீர்செல்வம் மைக்கைப் பிடித்தார். "இது கட்டுக்கதை இல்லேங்கிறதுக்குச் சாட்சியா, அந்தப் போர்க்களத்துக்குப் பக்கத்துலயே பனந்தோப்புல இருக்கிற வீராயி அம்மாள் ரெண்டு வார்த்தை சொல்லுவாங்க."

வெற்றிலைச் சிவப்பு வாயும் காதில் தண்டட்டியுமாக ஒரு அம்மாள் மேடையேறினார். மைக்கைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"பேயப் பத்திச் சொல்லுங்க அம்மா."

"பேயா?" வீராயி கூட்டத்தைப் பார்த்தார். "நான் வாக்கப்பட்டு வந்ததுலேர்ந்து அந்த மேட்டுலதான் கெடக்கேன். ஒரு பேயயும் கண்டதில்லீங்க."

கொட்டகையில் சலசலப்பு எழுந்தது. சட்டைக்குள் சடையப்பனின் நெஞ்சு துள்ளியது. சொல்லு தாயே, நல்லா சொல்லு. வைத்திலிங்கம் கோப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மைக்குக்கு ஓடிவந்தார்.

"நல்லா நெனச்சுப் பாருங்கம்மா. இந்த ஆவணியில, உச்சி வெயில்ல. நானும் இந்தத் தாஜுதீனும் நேருல பார்த்தோம். தலை இல்லாம, நொண்டிக்கினு வந்துச்சு. நாங்க ஓடுனத நீங்க பாத்திருப்பீங்களே?"

"நீங்க ஓடுனதப் பாத்தேன். அத எப்படிங்க மறக்க முடியும்?" என்ற வீராயி, மேடை ஓரத்தில் ஒற்றைச் செருப்போடு நின்றுகொண்டிருந்த தலையில்லாத சிப்பாயைப் பார்த்ததும் வாயெல்லாம் சிரிப்பாக அவர் பக்கம் கை நீட்டினார்.

"இந்தத் தம்பிதானேங்க அன்னிக்கும் செருப்பு அறுந்துபோயி, வெயிலுக்கு இதே மாதிரி சட்டைய மண்டைக்கு மேல இழுத்துவுட்டுக்கினு, எங்கிட்ட வாங்குன பனம்பழத்தக் கக்கத்துல இடுக்கிக்கினு, 'இருங்கய்யா, இருங்கய்யா'ன்னு கூப்பிட்டுக்கினே நொண்டிக்கினு வந்துச்சு, கூட வந்தவரப் பாத்துட்டு நீங்க ரெண்டு பேரும் ஏன் அந்த ஓட்டம் ஓடுனீங்கன்னு எனக்கு இன்னிக்கி வரைக்கும் வெளங்கலீங்க."